பணி விதி ஏழு: தேங்காய்

நான் ஓய்வு பெற்று ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆலையிலிருந்து போன் வந்தது. பெரிய பட்டைவாள் இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவாக்கி மறுபடி பூட்டிவிட்டார்களாம். மின்சாரமும் கொடுத்தாயிற்றாம். ஆனால் தொடங்க முடியவில்லையாம், ஏழாம் விதியைச் செய்ய அதிகாரம் பெற்ற ஆள் இல்லையாம். மூன்று லொறி மரக்குற்றி வாசலில் காத்து நிற்கிறது, உடனே வர முடியுமா என்று கேட்டார்கள்.

ஏழாம் விதி என்பது தேங்காய் உடைப்பது.

இதை நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. என் மகளின் கணவர் பிராங்பேர்ட்டில் கணினி வேலை செய்பவர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவர். அவரே, "மாமா, இதை எழுதி வையுங்கோ, வாயாலை சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார். ஆகவே எழுதுகிறேன். நம்பாதவர்கள் ஆலைக்குப் போய்க் கேட்கலாம். கோப்பு எண்ணோடு இருக்கிறது.

என் பெயர் அருளப்பு. சொந்த இடம் மன்னார். சண்டைக்குத் தப்பி ஜேர்மனிக்கு வந்த முதல் இரண்டு வருஷம் அகதி முகாமில் உருளைக்கிழங்கு உரித்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லை. ஹம்பேர்க்குக்கு வெளியே, எஸ்-பான் ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி இன்னும் ஒரு பஸ் பிடித்துப் போகவேண்டிய இடத்தில், மரம் அரியும் ஆலை ஒன்றில் கூலி வேலை கிடைத்தது. மரக்குற்றி உருட்டுவது, பட்டை உரிப்பது, பலகை அடுக்குவது, மரத்தூள் அள்ளுவது. ஜேர்மன் மொழியில் எனக்கு முதலில் தெரிந்த சொற்கள் எல்லாம் மரங்களின் பெயர்கள்தான். வணக்கம் சொல்லத் தெரியாத காலத்திலேயே ஊசியிலை மரத்தில் நான்கு வகையைப் பிரித்துச் சொல்லுவேன்.

எங்கள் மேலாளர், அதாவது மைஸ்டர், ஹெர் ப்ரூன்ஸ். ஆறடிக்கு மேல் உயரம். சட்டைப் பையில் மடிப்பு அளவுகோல், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டொப்வாட்ச். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என்ன நடந்தாலும், "ஸோ" என்பார். பிறகு எழுதுவார். அவ்வளவுதான்.

நடந்தது எதுவாயினும் அது அவரிடம் விதியாகிவிடும். ஒருவர் பாணுக்குள் இருந்து விழுந்த சீஸ் துண்டில் தானே வழுக்கி விழுந்தார். மறுநாள் சுவரில் புது விதி ஒட்டியிருந்தது: சீஸ் வைத்த பாணை உட்கார்ந்துதான் உண்ணவேண்டும். ஒரு குருவி பலகை அடுக்கில் கூடு கட்டியது. குஞ்சு பறக்கும்வரை அந்த அடுக்கைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வந்தது. குருவி போன பிறகும் விதி போகவில்லை. அந்த அடுக்கை நான் ஓய்வு பெறும்வரை யாரும் தொட்டதில்லை. பலகை கறுத்துப் பாசி பிடித்துவிட்டது.

இப்போது தேங்காய்க்கு வருகிறேன்.

என்னோடு வேலை செய்தவர் தியாகராசா அண்ணை. சுன்னாகத்துக்காரர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆலைக்குப் புதிய பட்டைவாள் இயந்திரம் வந்தது. வீட்டறை உயரம் இருக்கும். இரண்டு பெரிய சில்லுகளில் பல் வைத்த இரும்புப் பட்டி ஓடும், அதற்கு நான்கு மூடிகள். அதைக் கண்ட நாளிலிருந்து அண்ணை ஒரே பிடியாக நின்றார். தேங்காய் உடைக்காமல் இப்படி ஒரு சாமானைத் தொடங்கக்கூடாது என்றார். ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேங்காயும் வாங்கி வைத்துவிட்டார். ஆனால் இயந்திரத்தைத் தொடங்கும் அன்று காலைதான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், விழுந்தது. அதைத் தவறவிட ஏலாது. பஸ் தரிப்பில் வைத்துத் தேங்காயை என் கையில் திணித்தார்.

"நீ உடைச்சுவிடு தம்பி."

"அண்ணை, நான் வேதக்காரன்."

"தேங்காய் உன்ரை ஞானஸ்நானச் சேட்டிபிக்கற் கேக்காது. உடையடா எண்டா உடை."

கத்தோலிக்கன் ஒருவன் இயந்திரத்துக்குத் தேங்காய் உடைப்பது சரியா என்று கேட்க எனக்கு அங்கே சுவாமியாரும் இல்லை. மூத்தவர் சொல்லிவிட்டார். உடைத்தேன்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். இயந்திரம் செய்த கம்பனியின் பொறியியலாளர் பொத்தானில் கை வைத்திருந்தார். ஹெர் ப்ரூன்ஸ் தொடக்க நேரத்தை அளக்க ஸ்டொப்வாட்ச்சைத் தட்டிவிட்டார். அப்போதுதான் நான் முன்னால் போய்த் தேங்காயை நெஞ்சுக்கு நேரே தூக்கினேன். தூக்கிய பிறகு பயம் பிடித்துவிட்டது. இரும்புக்கு முன்னால் நின்று என்ன செய்கிறேன்? மனச்சாட்சியைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல் மடு மாதாவை நினைத்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மனதுக்குள் முழுதாகச் சொன்னேன். பிறகு கொங்கிறீற் தரையில் ஓங்கி அடித்தேன்.

சிரட்டைத் துண்டொன்று பறந்து நான்காவது மூடிக்குக் கீழே புகுந்துவிட்டது.

"ஸோ" என்றார் ஹெர் ப்ரூன்ஸ். இயந்திரத்துக்குள் அந்நியப் பொருள் இருந்தால் தொடங்கக்கூடாது. மூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினால், உள்ளே மேல் சில்லைப் பிடிக்கும் போல்ட் விரலால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்து கிடக்கிறது. தொடங்கியிருந்தால் பட்டி கழன்று நாங்கள் மூன்று பேர் நின்ற பக்கமாகத்தான் வந்திருக்கும். பொறியியலாளர் முகம் வெளிறிப்போய் ஒரு மரக்குற்றியில் குந்திவிட்டார். ஹெர் ப்ரூன்ஸ் சிரட்டைத் துண்டை எடுத்து, அளவுகோலால் அளந்து, எழுதினார்: நான்காம் மூடி திறக்கப்பட்டதன் காரணம், தேங்காய்.

அந்த அறிக்கை காப்புறுதிக்காரரிடம் போனது. அவர்கள் திருப்பி எழுதினார்கள். பிழையைக் கண்டுபிடித்த நடைமுறையைத் தொடர்ந்து கடைப்பிடிக்கவும். இரண்டு வாரத்தில் சுவரில் ஏழாம் விதி ஏறிவிட்டது. ஒவ்வொரு பெரிய பராமரிப்புக்குப் பிறகும் தும்பு நீக்கிய, வெடிப்பில்லாத தேங்காய் ஒன்று. உடைப்பவர் தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, இயந்திரத்துக்கு ஒரு மீற்றர் முன்னால் நிற்கவேண்டும். நெஞ்சுயரத்துக்குத் தூக்கியபின் பதினொரு நொடி அசையாது நிற்கவேண்டும். உடைத்தபின் நான்கு மூடிகளையும் திறந்து துண்டு தேடவேண்டும். தேங்காயை ஆலை வளாகத்துக்குள் உண்ணக்கூடாது, குப்பைக்குள் போடவேண்டும். அதிகாரம் பெற்றவர்: ஹெர் அருளப்பு.

பதினொரு நொடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஸ்டொப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்ததல்லவா, என் செபத்தை அவர் அளந்துவிட்டார். அதற்குள் பத்திரமும் கைக்கு வந்துவிட்ட தியாகராசா அண்ணை சுவரைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இல்லை.

அதுதான் என் கழுத்தில் கிடந்த கத்தி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு முத்திரை, அதுவும் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் குத்துவார்கள். மனைவி ஸ்டெல்லாவும், நான் இன்னும் கையில் தூக்காத மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். நிலையான வேலை அனுமதி இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அனுமதிக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டால், அந்த வேலையைச் செய்ய ஜேர்மன்காரர் ஒருவரும் இல்லையா என்று முதலில் தேடிப் பார்ப்பார்கள். மரக்குற்றி உருட்ட ஜேர்மன்காரர் கிடைக்காமலா போவார்? ஒருவர் கிடைத்தாலும் என் விண்ணப்பம் போய்விடும், அதன்பின் நானும் போகவேண்டியதுதான்.

"என்னப்பா, எப்ப எண்டு சொல்லுங்கோவன்" என்பாள் ஸ்டெல்லா போனில். "பிள்ளை படத்தைக் காட்டி அப்பா எண்டுது. படம்தான் அப்பா எண்டு நினைக்குது போல."

வேலை விபரம் எழுதும் பத்திரத்தை ஹெர் ப்ரூன்ஸ் நிரப்பினார். அவர் எதையும் விட்டுவிட்டு எழுதுபவர் இல்லை. உருட்டுதல், உரித்தல், அடுக்குதல், தூள் அள்ளுதல், ஏழாம் விதிப்படி தேங்காய் உடைத்தல். அதிகாரிகளும் எதையும் விட்டுவிட்டு வாசிப்பவர்கள் இல்லை. வேலை அலுவலகத்தில் விளம்பரம் போட்டார்கள்: மரம் அரியும் ஆலைக்கு உதவியாளர் தேவை, தேங்காய் உடைக்கத் தெரிந்திருக்கவேண்டும். தியாகராசா அண்ணை அதைப் பிரதி எடுத்துத் தன் அறையில் ஒட்டிவைத்தார்.

மூன்று பேர் விண்ணப்பித்தார்கள்.

அந்த நாளை நான் மறக்கமாட்டேன். வேலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி கோப்போடு வந்தார். விதிப்படி அவருக்கும் தலைக்கவசம், கண்ணாடி. குளிருக்கு அந்தக் கண்ணாடி பனிப்புகார் பிடித்து மங்கி, பாவம், வந்ததிலிருந்து போகும்வரை அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மேசையில் மூன்று தேங்காய். நான் ஓரமாக நின்று என் வேலையைப் பறிக்க வந்தவர்களுக்குத் தலைக்கவசம் எடுத்துக் கொடுத்தேன்.

முதலாமவர் உணவகச் சமையல்காரர். மரியாதையான மனிதர். தேங்காயின் மூன்று கண்ணையும் தட்டிப் பார்த்தார், ஒன்றைத் துளைத்தார், பையிலிருந்து உறிஞ்சுகுழாய் எடுத்து நின்ற நிலையில் இளநீர் குடிப்பதுபோல் குடித்தார். "ஸோ" என்றார் ஹெர் ப்ரூன்ஸ். வளாகத்துக்குள் உண்ணக்கூடாது என்றால் குடிக்கவும் கூடாதா என்று இருவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். சமையல்காரர் தோற்றார்.

இரண்டாமவர் தச்சர். தேங்காயை இடுக்கியில் வைத்து இறுக்கிச் சுத்தியலால் ஒன்று போட்டார். அது இடுக்கியை விட்டுக் கிளம்பி மரத்தூள் மலைக்குள் போய்ப் புதைந்தது. அதிகாரி உட்பட நாங்கள் ஐந்து பேர் மண்வெட்டியோடு தேடினோம். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தூளை வாங்கிய ஒரு குதிரைப் பண்ணைக்காரர் திருப்பிக் கொண்டுவந்து தந்தார், முழுசாக.

மூன்றாமவர் கப்பலில் வேலை செய்தவர். கை ஒவ்வொன்றும் முறம் போல. கொழும்புத் துறைமுகத்தில் பல தடவை இறங்கியிருக்கிறாராம். "கோயில் வாசலில் இதைப் பார்த்திருக்கிறேன்" என்றார். விதியைக் கவனமாக வாசித்தார்.

"இந்தப் பதினொரு நொடியில் நான் என்ன செய்யவேண்டும்?"

"அது குறிப்பிடப்படவில்லை" என்றார் ஹெர் ப்ரூன்ஸ்.

"செய்ய ஒன்றும் இல்லையென்றால் எதற்கு நிற்கவேண்டும்?"

"அது விதி."

மாலுமி தோளைக் குலுக்கினார். ஒரு மீற்றர் தள்ளி நின்றார். தேங்காயைத் தூக்கினார். என்னால் வேறென்ன செய்ய முடியும்? நானும் கண்ணை மூடிக்கொண்டு என் செபத்தைச் சொன்னேன். செபம் முடிந்தது. ஆமென் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகுதான் தேங்காய் வெடிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், சரி பாதியாக, கத்தியால் வெட்டியதுபோல இரண்டு பாதி. நான் வாழ்நாளில் அப்படி உடைத்ததில்லை. ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்லுவது என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

ஹெர் ப்ரூன்ஸ் ஸ்டொப்வாட்ச்சைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"ஸோ. எட்டு நொடி. விதி பதினொன்று. தேர்ச்சி இல்லை."

"எட்டா?" என்றார் மாலுமி. "எனக்கு ஒரு வருஷம் நின்றதுபோல இருந்தது."

"எட்டு" என்றார் ஹெர் ப்ரூன்ஸ். அதிகாரி புகார் பிடித்த கண்ணாடியோடு எட்டு என்று எழுதினார். பயத்தில் செபத்தைக் கடகடவென்று ஓட்டிவிட்டேன், அதனால்தான் முன்னரே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவசரமாகச் செபித்ததற்கு அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனமும் செய்தேன்.

அனுமதி வந்தது. ஐந்தாவது மாதம் ஸ்டெல்லாவும் மகளும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மகள் என்னைப் பார்த்து, படத்தையும் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். தியாகராசா அண்ணை அன்று தொடக்கம், "என்ரை தேங்காயிலை விசா எடுத்தவன்" என்றுதான் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்வார்.

ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆலைக்கு நான் தேங்காய்ச் சமயத்தின் பூசாரி. கத்தோலிக்கன் என்று தெரிந்தால் கோப்பைத் திறந்து கேள்வி கேட்பார்களோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. செபமாலையைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோனேன். தீபாவளிக்கு அவர்கள் கேக் வெட்டி வாழ்த்தினார்கள், நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். நத்தார் வந்தால், "உங்களுக்கு இது பண்டிகை இல்லைத்தானே" என்று தீக்காவல் வேலையை எனக்கே போட்டார்கள். வருஷா வருஷம் பாலன் பிறந்த நாளில் நான் மரத்தூளைக் காவல் காத்தேன்.

"நீங்கள் ஆருக்குப் பயப்பிடுறீங்கள், ஆண்டவருக்கோ அந்த மைஸ்டருக்கோ?" என்று ஸ்டெல்லா கேட்பாள். உள்ளதைச் சொன்னால், மைஸ்டருக்குத்தான்.

அப்படியே காலம் ஓடி, நானும் ஓய்வு பெற்று, இப்போது இந்தப் போன். போனேன். நான் உடைத்தால் போதாதாம். என் அதிகாரம் ஓய்வோடு காலாவதியாகிவிட்டது. புதிய ஆளைச் சோதித்துத் தேர்ச்சி கொடுக்க மட்டும்தான் எனக்கு உரிமை உண்டாம். நேரம் அளக்க விதியை எழுதியவரே வேண்டுமாம். ஹெர் ப்ரூன்ஸை மகன் காரில் கொண்டுவந்து இறக்கினார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கையில் பிடித்து நடக்கும் தள்ளுவண்டி. கழுத்தில் அதே கறுப்புக் கயிறு.

புதிய ஆள் பெயாட்டா. கிரேன் ஓட்டுகிற போலந்துப் பெண், ஐம்பதை நெருங்குகிறவர். வீட்டில் பத்துத் தேங்காய் உடைத்துப் பழகிவிட்டு வந்திருந்தார். அவருக்கும் ஒரே சந்தேகம்தான்.

"அந்தப் பதினொரு நொடியில் என்ன செய்வீர்கள்?"

இத்தனை வருஷம் காத்த வாயை அன்றைக்கு என்னால் காக்க முடியவில்லை. அவரும் நம்முடைய வேதம்தானே. காதுக்குள் சொன்னேன். பெயாட்டா யோசித்தார். மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "போலிஷ் மொழியில் அது பத்து நொடியில் முடிந்துவிடும். ஆமெனைக் கொஞ்சம் இழுக்கிறேன்."

இழுத்தார். உடைந்தது. ஹெர் ப்ரூன்ஸ் ஸ்டொப்வாட்ச்சை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். பதினொன்று. நான்கு மூடிகளையும் திறந்து பார்த்தார்கள், எல்லாம் இறுக்கமாக இருந்தது. வாள் ஓடத் தொடங்கியது. லொறிகள் உள்ளே வந்தன.

நாங்கள் இருவரும் சாப்பாட்டறையில் குந்தினோம். உடைந்த தேங்காய் எங்கள் முன்னால் தட்டில் கிடந்தது. இனி எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டேன்.

"ஹெர் ப்ரூன்ஸ், தேங்காய் என் சமயத்து வழக்கம் இல்லை. நான் கத்தோலிக்கன்."

"தெரியும்" என்றார். "உங்கள் வரி அட்டையில் இருந்தது. முதல் மாதமே பார்த்தேன்."

எனக்குத் தலை சுற்றியது. இந்த நாட்டில் தேவாலய வரி பிடிக்க வசதியாகச் சம்பளக்காரனின் சமயத்தை வரி அட்டையில் போட்டுவிடுவார்கள். செபமாலையை நான் பாணுக்கு அடியில் மறைத்துக்கொண்டிருக்க, என் சமயம் அலுவலக அலுமாரியில் முத்திரையோடு கிடந்திருக்கிறது.

"பிறகு ஏன் என்னை நத்தாருக்குக் காவல் வைத்தீர்கள்?"

"தேங்காய் உடைப்பவர் நத்தாரும் கொண்டாடினால் யாராவது கோப்பைத் திறந்து கேள்வி கேட்பார்கள். உங்கள் மனைவியிடம் நான் வருந்துவதாகச் சொல்லுங்கள்."

ஸ்டொப்வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த மாலுமி" என்றார். "பன்னிரண்டு நொடி நின்றார்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. என் செபம் அவசரப்படவே இல்லை. ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறேன், ஒழுங்காகத்தான் முடிந்திருக்கிறது. செய்யாத பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன்.

"அடுத்த வாரமே அவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, விசாரித்துக்கொண்டேன்" என்றார் ஹெர் ப்ரூன்ஸ். "உங்கள் சாப்பாட்டுப் பெட்டி மூடிக்குள் ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. அந்தக் காரணத்தை நான் எங்கும் எழுதவில்லை. இந்த ஆலையில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கத்தியால் ஒரு தேங்காய்ச் சொட்டுத் துண்டைக் கிளப்பி அவரிடம் நீட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், சுவரில் தன் கையெழுத்தோடு தொங்கிய ஏழாம் விதியைப் பார்த்தார், பிறகு வாங்கி வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"ஸோ" என்றார். "இத்தனை வருஷமாக இதையா நாம் குப்பையில் போட்டோம்?"